மூணு பெட்டி வண்டி

தப்பா எடுத்துக்காதீங்கம்மா, நீங்க போன்ல பேசினது காதுல விழுந்துடுச்சு. எதிர் சீட்டுல உக்காந்துட்டு காதைப் பொத்திக்கவா முடியும்? பையன் ஜப்பான்லயா? எந்த ஊரு? டோக்கியோவா. போயி எத்தனை மாசம் ஆச்சு? ரெண்டு மாசம்தானா. அப்ப எல்லாம் நல்லாத்தான் இருக்கும். ரெண்டு மாசத்துல குளிரு கூட அழகாத் தெரியும்.

என் பையனும் அங்கதான்மா இருந்தான். ஏழு வருஷம். இளம்பரிதின்னு பேரு. நான் யூனியன்ல தீவிரமா இருந்தப்ப பொறந்தான், அதனால அப்படி ஒரு பேரு. வீட்டுல பரிதின்னுதான் கூப்பிடுவோம். என் பேரு எத்திராஜ். இதே லைன்லதான் முப்பத்திமூணு வருஷம் வண்டி ஓட்டினேன். பீச்சுக்கும் தாம்பரத்துக்கும். மீட்டர் கேஜ் இருந்த காலத்துலேருந்து. இப்ப இந்த ஜன்னல் வழியாப் பாத்துட்டு வரேன், பாதி இடம் எனக்கே புதுசா இருக்கு. மோட்டார்மேனுக்கு நேர் எதிர்ல இருக்கறது மட்டும்தான் கண்ணுல படும். பக்கத்துல என்ன இருக்குன்னு பாக்க நேரம் இருக்காது.

நீங்க எங்க இறங்கணும்? செங்கல்பட்டா. நான் தாம்பரம். பென்ஷனர் சங்கத்துல ஒரு கையெழுத்துப் போடணும். அப்ப நேரம் இருக்கு, சொல்றேன். நீங்க ரெண்டு நிமிஷம் பேசிட்டு "சரிப்பா, வெச்சுடவா"ன்னு வெச்சீங்க பாருங்க, அதான் சொல்லணும்னு தோணுச்சு.

எங்க வீட்டுலயும் அப்படித்தான். ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு போன் வரும். முதல்ல சுலோச்சனா பேசுவா. என் வீட்டுக்காரி. சாப்டியா, சளி பிடிச்சிருக்கா, குரல் ஏன் கம்முது, எல்லாம் அவ கேட்டுடுவா. அப்புறம் என்கிட்ட நீட்டுவா. "என்னடா?" "ஒண்ணுமில்லப்பா." "ஆபீஸெல்லாம்?" "போகுதுப்பா." "சரி, அம்மாகிட்ட குடுக்கவா?" அவ்வளவுதான். அஞ்சு வருஷம் இப்படியே ஓடுச்சு. சண்டை சச்சரவுன்னு ஒண்ணும் கிடையாதும்மா. பேசறதுக்கு விஷயம் இல்ல, அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை அவனாவே ஆரம்பிச்சான். "அப்பா, நான் இப்ப ஒரு வண்டில போயிட்டு வரேன்பா. உனக்குப் பிடிக்கும்"னான். எனக்கு ஆச்சரியம். இவன் சின்ன வயசுல கூட ரயில் பொம்மை வெச்சு விளையாடினவன் இல்ல. இருநூத்தி அஞ்சுன்னு ஒரு வகை வண்டியாம் அது. நம்ம எலக்ட்ரிக் ட்ரெயின் மாதிரிதான். முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பெயின்ட்டே கிடையாது. பக்கவாட்டுல கலர் பட்டை ஒண்ணு மட்டும் ஓடும், எந்த லைனோ அந்தக் கலர்.

அன்னிக்கு அரை மணி நேரம் பேசினோம். அரை மணி நேரம்! சுலோச்சனா ரெண்டு தடவை வந்து எட்டிப் பாத்துட்டுப் போனா.

அதுலேருந்து வாரா வாரம் அந்த வண்டி பேச்சுதான். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லுவான். எண்பத்தஞ்சுல வந்துச்சாம். "நான் பொறந்த வருஷம்பா"ன்னான். வந்தப்ப அதுதான் ராஜாவாம். டோக்கியோ நடுவுல வட்டமா ஒரு லைன் இருக்காமே, உங்க பையன் சொல்லியிருப்பான். அதுல ஓடிச்சாம். முதல்ல பத்து பெட்டி, அப்புறம் பதினொண்ணு. காலை நேரத்துல உள்ள நிக்க இடம் இருக்காதாம். இருபது வருஷம் அந்த வட்டத்துலயே சுத்திச்சாம். அப்புறம் புதுசா வேற வண்டி வந்துடுச்சு. இதைப் பிரிச்சுட்டாங்க. அங்க ரெண்டு, இங்க நாலுன்னு சின்னச் சின்ன லைனுக்கெல்லாம் அனுப்பிட்டாங்க. நூத்துக்கணக்குல பெட்டிங்க கப்பல்ல ஏறி ஜகார்த்தா போயிடுச்சு. "அங்க போனதெல்லாம் நல்லா இருக்குப்பா, ஜனங்க கூட்டம் கூட்டமா ஏறறாங்க. இங்க தங்கினதுதான் இப்படி ஆயிடுச்சு"ன்னான்.

அவன் இருந்த பக்கம் ஒரு லைன். ட்சுருமின்னு ஒரு ஸ்டேஷன்லேருந்து கடலோரத் தொழிற்சாலைங்களுக்குப் போற லைன். அதுக்கு மூணே மூணு பெட்டிதான் வேணும். ஆனா மூணு பெட்டிக்கு முன்னாடியும் பின்னாடியும் டிரைவர் உக்கார்ற பெட்டி வேணுமே, அது போதலையாம். என்ன பண்ணாங்க தெரியுமா? நடுவுல கோத்திருந்த சாதாப் பெட்டியை எடுத்து, ஒரு பக்கத்தை வெட்டி, புதுசா ஒரு முகத்தைப் பண்ணி ஒட்டி, முன்னாடி நிறுத்திட்டாங்க. பரிதி சொன்னான், "முகம் மட்டும்தான்பா புதுசு. உள்ள அதே நடுப்பெட்டிதான். யாருக்கும் தெரியாது."

நான் என்ன கேட்டேன்? கேபின் வைக்கறப்ப வயரிங்கை எப்படி இழுத்தாங்க, பிரேக் பைப்பை எங்க மாத்தினாங்கன்னு கேட்டேன். நல்ல கேள்விதான்மா, நாலு மோட்டார்மேனைக் கேளுங்க, இதைத்தான் கேப்பாங்க. அவன் "விசாரிச்சு சொல்றேன்பா"ன்னான். அடுத்த வாரம் சொல்லவும் சொன்னான். எங்கேயோ படிச்சு வெச்சிருக்கான், எனக்காக.

எனக்குப் பெருமை தாங்கல. பென்ஷனர் சங்கத்துல போயி இதையெல்லாம் சொல்லுவேன். "எத்திராஜ் பையன் ஜப்பான்ல ரயில் கம்பெனியிலயா இருக்கான்?"னு கேப்பாங்க. "இல்லைய்யா, கம்ப்யூட்டர்ல பெரிய வேலை, ரத்தத்துல ரயில் ஓடுது"ம்பேன்.

சுலோச்சனா மட்டும் ஒரு தடவை கேட்டா. அவன் சொல்லியிருந்தான், காலைலயும் சாயங்காலமும் தொழிற்சாலை ஆளுங்க கூட்டம், மத்தியானம் ரெண்டு மணிக்கெல்லாம் வண்டி காலியா இருக்கும், ஒரு பெட்டிக்கு நான் ஒருத்தன்தான்னு. போனை வெச்சதும் அவ கேக்கறா: "ஏங்க, மத்தியானம் ரெண்டு மணிக்கு இவன் ஏன் ரயில்ல இருக்கான்?"

"லீவு நாள்ல போயிருப்பான்டி"ன்னேன். வேற என்ன சொல்றது. அவளுக்கு எல்லாத்துலயும் ஒரு சந்தேகம்.

இப்படி கிட்டத்தட்ட ஒரு வருஷம். நவம்பர்ல ஒரு நாள் சொன்னான், "அப்பா, இந்த வண்டியை எடுக்கப் போறாங்கப்பா. புது வண்டி வருது. பிப்ரவரிக்கு மேல இருக்காதுங்கறாங்க. அதுக்குள்ள வந்து பாத்துட்டுப் போறியா? டிக்கெட் அனுப்பறேன்."

நான் ரிட்டயர் ஆகி பத்து வருஷம் ஆச்சு. ஆகாச விமானத்துல ஏறினதே இல்ல. போறேன்னுட்டேன். சுலோச்சனாவுக்கு முட்டி வலி, மாடிப்படி ஏறவே முனகுவா, அவ வரலன்னுட்டா. பெட்டில முறுக்கும் பருப்புப் பொடியும் வெச்சுக் கட்டிட்டு, பெட்டியை மூடறப்ப என்னைப் பாத்து, "ரயிலை மட்டும் பாத்துட்டு வராதீங்க. அவனைப் பாத்துட்டு வாங்க"ன்னா. ரெண்டையும்தான் பாக்கப் போறேன், இதுல என்ன இருக்குன்னு நினைச்சேன்.

ஜனவரி மாசம். ஏர்போர்ட்டுக்கு வந்திருந்தான். இளைச்சிருந்தான். குளிர் ஊருல அப்படித்தான் போலன்னு நினைச்சேன். ரூம் அவ்வளவு சின்னது, நம்ம டிரைவர் கேபின் நாலைச் சேத்து வெச்சா எவ்வளவோ, அவ்வளவு. ஆனா சுத்தம்னா சுத்தம். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு ஸ்பூன். ஆபீஸ் போற வெள்ளைச் சட்டை நாலு, இஸ்திரி போட்டு வரிசையா மாட்டியிருக்கு. எனக்கு சந்தோஷமா இருந்துச்சும்மா. என்ன ஒழுங்கா வெச்சிருக்கான் பாருன்னு. சுலோச்சனாகிட்ட போன்ல அதைத்தான் முதல்ல சொன்னேன். "ஒரே ஒரு தட்டா?"ன்னு கேட்டா அவ.

மறுநாள் வண்டியைப் பாக்கப் போனோம். லீவு போட்டிருக்கேன்னான், ஆனா வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பையுமாத்தான் கிளம்பினான். ஜப்பான்ல அப்படித்தான் போலன்னு நினைச்சேன்.

ட்சுருமி ஸ்டேஷன்ல அந்த வண்டி நின்னுட்டு இருந்துச்சு. மூணு பெட்டி, மஞ்சளும் நீலமும் பட்டை. தண்டவாளத்தைக் குனிஞ்சு பாத்தேன். நம்ம பழைய மீட்டர் கேஜ் அளவுதான், ரெண்டரை அங்குலம் கூட, அவ்வளவே. ஏறி நேரா முன்னாடி போயி டிரைவருக்குப் பின்னால கண்ணாடிகிட்ட நின்னுட்டேன். அங்க நம்மள மாதிரி மூடி வைக்கல, எல்லாம் தெரியும். டிரைவருக்கு அம்பது வயசு இருக்கும், வெள்ளைக் கையுறை. ஒவ்வொரு சிக்னலுக்கும் கையை நீட்டிக் காட்டி, வாயால சொல்லி, அப்புறம்தான் போறார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் இடது கையைக் கைப்பிடியைப் பிடிச்ச மாதிரி வெச்சுக்கிட்டு, அவர் கூடவே ஓட்டிட்டு வந்தேன். சிரிக்காதீங்க. அறுபத்தொன்பது வயசுல அப்படி ஒரு சந்தோஷம். பரிதி எங்க நின்னான், என்ன பண்ணான்னு ஞாபகமே இல்ல எனக்கு.

கடைசி ஸ்டேஷன் பேரு உமி ஷிபாவ்ரா. உமின்னா அவங்க பாஷையில கடலாம். நமக்கு உமின்னா நெல்லு உமி. அதைச் சொல்லி ரெண்டு பேரும் சிரிச்சோம். அதான் கடைசியா சிரிச்சது.

அந்த ஸ்டேஷனைப் பத்தி சொல்லணும்மா உங்களுக்கு. ஒரே பிளாட்பாரம். ஒரு பக்கம் தண்டவாளம். இன்னொரு பக்கம் கம்பிக்குக் கீழ நேரா தண்ணி. கடலுக்கு மேலயே கட்டியிருக்காங்க. வெளிய போற வழி ஒண்ணே ஒண்ணு, அது நேரா தொழிற்சாலைக்குள்ள போகுது, அங்க வேலை செய்யறவங்கதான் போக முடியும். மத்தவங்க இறங்கலாம், பக்கத்துல ஒரு சின்னப் பூங்கா இருக்கு, அங்க உக்காரலாம், அடுத்த வண்டி வந்தா திரும்பிப் போகலாம். வேற எங்கயும் போக முடியாது.

வண்டி திரும்பிக் கிளம்ப கால் மணி நேரம் இருந்துச்சு. டிரைவர் இறங்கி அந்தக் கோடிக்கு நடந்து வந்தார். பரிதியைப் பாத்ததும் நின்னு தலை குனிஞ்சார். என்னையும் பாத்து ஏதோ சொன்னார்.

"உன்னைத் தெரியுமாடா அவருக்கு?"

"தெரியும்பா."

"என்ன சொல்றார்?"

அவன் கடலைப் பாத்துட்டே சொன்னான், "இன்னிக்கு நீங்க தனியா இல்ல, எனக்கு சந்தோஷமா இருக்குங்கறார்."

நல்ல மனுஷன், மரியாதைக்குச் சொல்றார்னு நினைச்சுட்டு, "நானும் மோட்டார்மேன்தான்னு சொல்லுடா"ன்னேன். சொன்னான். அவர் முகம் மலர்ந்துடுச்சு. சட்டுன்னு தொப்பில கை வெச்சு சல்யூட் அடிச்சார். எத்தனை வருஷம்னு கேட்டார், முப்பத்திமூணுன்னேன். அப்புறம் நான், எங்க ஆளுங்க ரெண்டு பேரு சந்திச்சா கேக்கறதைக் கேட்டேன். அது எங்களுக்குள்ள சாதாரணம்மா, டிரைவருங்க தங்கற ரன்னிங் ரூம்ல பக்கத்துப் படுக்கைல இருக்கறவன்கிட்ட ஊரு எதுன்னு கேக்கற மாதிரி. "உங்க வண்டில எத்தனை பேருன்னு கேளு"ன்னேன்.

"எதுக்குப்பா அது?"

"கேளுடா. எனக்கு ஒன்பதுன்னு சொல்லு."

அவன் முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. கேட்டான். மெதுவாத்தான் கேட்டான். அந்த மனுஷன் ஒரு விரலைக் காட்டினார். காட்டிட்டு தொப்பியைக் கழட்டி, என்னைப் பாத்து இடுப்பு வரைக்கும் குனிஞ்சார். ஒன்பதுன்னு சொன்னதுக்கு. முப்பத்திமூணு வருஷத்துல எனக்கு யாரும் அப்படிக் குனிஞ்சதில்லம்மா. யாராவது வண்டில வந்து விழுந்துட்டா, போலீஸ்ல எழுதிக் கொடுத்துட்டு, அடுத்த நாள் டியூட்டிக்குப் போவோம், அவ்வளவுதான்.

அவர் இன்னொண்ணு கேட்டார். வீட்டுல சொல்லுவீங்களான்னு.

"சொல்ல மாட்டேன்னு சொல்லு. அதையெல்லாம் வாசலுக்கு வெளியிலயே விட்டுட்டு வந்துடுவேன், என் வீட்டுல யாருக்குமே தெரியாதுன்னு சொல்லு."

பரிதி என்னையே பாத்துட்டு நின்னான். அப்புறம் சொன்னான். ரொம்ப நேரம் சொன்ன மாதிரி இருந்துச்சு. நான் சொன்னது ரெண்டே வரி.

நிஜமாவே தெரியாதும்மா அவங்களுக்கு. அப்படி ஆன அன்னிக்கு நான் வந்ததும் குழாயடிக்குப் போயி தலையோட தண்ணி ஊத்திக்குவேன். வயித்து வலின்னு சொல்லிட்டு சாப்பிடாமப் படுத்துடுவேன். நாலு நாளைக்கு சோத்துல கை வைக்க முடியாது. பரிதி அப்ப ஆறு வயசு, ஏழு வயசு. தட்டை எடுத்துட்டு வந்து என் பக்கத்துலயே உக்காந்துக்குவான். "ஒரு வாய்ப்பா"ன்னு உருட்டி என் வாய்கிட்ட கொண்டு வருவான். நான் வாங்கலன்னா அவனும் சாப்பிட மாட்டான். சுலோச்சனா அடிச்சு இழுத்துட்டுப் போவா. சின்னப் புள்ளைங்களுக்கு என்ன தெரியும், அப்பாவுக்கு வயித்து வலின்னு நம்பிட்டு இருந்தான்.

வண்டி கிளம்பிப் போயிடுச்சு. அடுத்தது வர ஒண்ணே கால் மணி நேரம். இருந்து கடலைப் பாத்துட்டுப் போலாம்ப்பான்னான். பூங்கா பெஞ்சில உக்காந்தோம். காத்து ஊசி மாதிரி குத்துது.

"அப்பா, எனக்கு வேலை போயி பதினாலு மாசம் ஆச்சு."

அப்படியே சொன்னான், மணி என்னன்னு சொல்ற மாதிரி. கான்ட்ராக்ட் முடிஞ்சு நிறுத்திட்டாங்களாம். அடுத்தது கிடைச்சுடும் கிடைச்சுடும்னு இருந்திருக்கான். தினமும் காலைல வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டு, பையைத் தூக்கிட்டு, இந்த மூணு பெட்டி வண்டில ஏறி வந்து, இதே பெஞ்சில உக்காந்துட்டு, சாயங்காலம் தொழிற்சாலை ஆளுங்க கூட்டத்தோட கூட்டமா வேலை முடிஞ்ச மாதிரி திரும்பிப் போயிருக்கான்.

இனிமே சொல்றதைக் கேட்டு பயப்படாதீங்கம்மா. அவன் இருக்கான். வீட்டுலதான் இருக்கான். அதை முதல்லயே சொல்லிடறேன்.

ஆகஸ்ட்ல ஒரு நாள், பெரிய ஸ்டேஷன்ல, நிக்காமப் போற வண்டி வர்ற பிளாட்பாரத்துல நின்னிருக்கான். என்ன நினைச்சுட்டு நின்னான்னு நான் சொல்லணுமா உங்களுக்கு? வண்டி வருது. "கண்ணாடிக்குப் பின்னால டிரைவர் தெரிஞ்சார்பா"ங்கறான். "வெள்ளைக் கையுறை தெரிஞ்சுது. இவர் இன்னிக்கு வீட்டுக்குப் போயி சோத்துல கை வைக்க மாட்டாரேன்னு தோணுச்சு. பின்னால வந்து உக்காந்துட்டேன்."

அதான் அவன் சொன்னது. ஒரு எழுத்து கூட்டிச் சொல்லல நான்.

புரியுதாம்மா உங்களுக்கு? பெத்த தாய் ஞாபகம் வரல. என் ஞாபகம் வரல. எவனோ ஒரு டிரைவர், பேரு தெரியாது, ஊரு தெரியாது, அவன் சாப்பிட மாட்டானேன்னு இவன் உயிரோட திரும்பி வந்திருக்கான். எனக்கு அதுதான் இன்னிக்கு வரைக்கும் ஆறல. கேட்டேன் அவனை. "ஏன்டா, எங்க ஞாபகம் உனக்கு வரவே இல்லையா?"ன்னு கேட்டேன். அவன் என்னைத் திரும்பிப் பாத்தான். வாயைத் திறந்தான். அப்புறம் மூடிக்கிட்டான். அப்படி இல்லப்பான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வந்துச்சுப்பான்னு பொய்யாவது சொல்லக் கூடாதா?

கோவம் வந்துடுச்சு எனக்கு. எழுந்து நடந்தேன். எங்க போறது? இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் வாட்ச்மேன் நிக்கற கேட்டு. பிளாட்பாரத்தோட கோடி வரைக்கும் போனேன், திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன், மறுபடியும் வந்தேன். அவன் அப்படியே உக்காந்திருந்தான், வெள்ளைச் சட்டையில. நான் பக்கத்துல போயி உக்காந்தேன். வேற இடம் இல்லையே.

என்ன பேசறதுன்னு தெரியலம்மா. இந்த மாதிரி நேரத்துல பேச்சை மாத்தணும், அதையே நோண்டக் கூடாது, இல்லையா? அதனால கேட்டேன். "இந்த வண்டியை எந்தத் தேதியில எடுக்கறாங்க?"

"இன்னும் தேதி சொல்லலப்பா"ன்னான்.

"எடுத்துட்டு என்ன பண்ணுவாங்க?"

"உடைச்சுடுவாங்கப்பா. இதை வாங்க இப்ப யாரும் இல்ல."

அப்புறம் வண்டி வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் தண்ணியைப் பாத்துட்டு இருந்தோம்.

பத்து நாள் இருந்தேன். எனக்குத் தெரிஞ்ச தைரியமெல்லாம் சொன்னேன். கிளம்பற அன்னிக்கு சொன்னேன், "இன்னும் ஒரு ஆறு மாசம் பாருடா. இவ்வளவு நாள் சமாளிச்சுட்ட, விட்டுட்டு வந்தா ஊருல என்னன்னு சொல்றது? சங்கத்துல எல்லாம் கேப்பாங்க." அவன் நல்லதுக்குத்தான் சொன்னேன். சரிப்பான்னு தலையாட்டினான். ஏர்போர்ட்ல உள்ள போனதுக்கப்புறம் திரும்பிப் பாத்தேன், கையைத் தூக்கிட்டு நின்னுட்டு இருந்தான். இறக்கவே இல்ல.

சுலோச்சனாகிட்ட, நல்லா இருக்கான், கொஞ்சம் இளைச்சிருக்கான்னு மட்டும் சொன்னேன். அவ ஒண்ணும் கேக்கல. மூணு வாரம் கழிச்சு ஒரு நாள் சாப்பாடு போட்டுட்டே, "அவனுக்கு வேலை இல்லைதானே?"ன்னா. எல்லாத்தையும் சொல்லிட்டேன். கரண்டியைக் கீழ வெச்சா. "இதைக் கேட்டுட்டு நீங்க அவனை அங்கயே விட்டுட்டு வந்தீங்களா?"ன்னா. அதுக்கப்புறம் மூணு மாசம் என்கூட பேச்சே இல்ல. சோறு போடுவா, காபி கொடுப்பா. பேச மாட்டா.

பிப்ரவரி கடைசில அந்த வண்டியை எடுத்துட்டாங்க. பரிதி போன்ல சொன்னான், "முடிஞ்சுதுப்பா"ன்னு. புது வண்டி எப்படிடான்னேன். நல்லா இருக்குப்பான்னான். அப்புறம் பழையபடி ஆயிடுச்சு. "என்னடா?" "ஒண்ணுமில்லப்பா." ஒரு வாரம் போனே வரல. அடுத்த வாரமும் வரல.

நான் என்ன பண்ணலாம்னு யோசிச்சுட்டே இருந்தேன். அவ யோசிக்கல. எனக்குத் தெரியாம பாஸ்போர்ட் எடுத்திருக்கா, எதிர் வீட்டுப் பொண்ணை வெச்சு விசா போட்டிருக்கா. இங்கிலீஷ் தெரியாது, ஜப்பான் பாஷை தெரியாது, நாலு படி சேந்தாப்புல ஏற முடியாது. மே மாசம் ஒரு நாள் காலைல, புடவை மேல என் பழைய ரயில்வே ஸ்வெட்டரை மாட்டிக்கிட்டு, பையோட நிக்கறா. "ஏர்போர்ட்ல விட்டுட்டு வாங்க"ன்னா. மூணு மாசத்துல பேசின முதல் பேச்சு.

பதினஞ்சு நாள்ல அவனோட திரும்பி வந்தா. பின்னால ஒரு நாள் கேட்டேன், "என்னடி சொன்ன, நீ கூப்பிட்டதும் கிளம்பிட்டான்?"

"நான் ஒண்ணும் சொல்லல. கேட்டேன்."

"என்ன கேட்ட?"

"கேட்டேன்னு சொன்னேன்"ங்கறா. அவ என்ன கேட்டான்னு இன்னிக்கு வரைக்கும் சொல்ல மாட்டேங்கறா.

இப்ப பரவாயில்லம்மா. வாரத்துக்கு ஒரு தடவை டாக்டரைப் பாக்கறான், மாத்திரை சாப்பிடறான். வீட்டுல இருந்துட்டே ஏதோ கம்ப்யூட்டர் வேலை கொஞ்சம் செய்யறான். அம்மாவும் புள்ளையும் சமையக்கட்டுல உக்காந்து மணிக்கணக்காப் பேசறாங்க. நான் தண்ணி குடிக்கப் போனா நின்னுடும். என்கிட்ட நல்லாத்தான் இருக்கான், மரியாதையா. ரயிலைப் பத்தி மட்டும் பேசறதில்ல.

வந்து இறங்கின அன்னிக்கு நடந்ததைச் சொல்லிடறேன், தாம்பரம் வரப் போகுது. மத்தியானம் ஒரு மணிக்கு வெளிய வந்தாங்க. அவன்கிட்ட சொல்லணும்னு நான் நிறைய யோசிச்சு வெச்சிருந்தேன். மூணு மாசமா வார்த்தை வார்த்தையா. பாத்ததும், "டாக்ஸி பிடிக்கட்டுமா?"ன்னு கேட்டேன். "வேணாம்பா, ட்ரெயின்ல போலாம்"னான். திரிசூலத்துல ஏறினோம். எங்க வீடு சேத்துப்பட்டு. ஜன்னலோரம் சுலோச்சனா எதிர்ல, நானும் அவனும் இந்தப் பக்கம். பரங்கிமலை தாண்டறதுக்குள்ள அவன் தலை சாய்ஞ்சுது. என் தோள் மேல. முப்பத்தெட்டு வயசு ஆம்பளை, வாயைப் பொளந்துக்கிட்டு, குழந்தை மாதிரி தூங்கறான்.

சேத்துப்பட்டு வந்துச்சு. சுலோச்சனா பையை எடுத்துட்டு எழுந்தா. எங்களைப் பாத்தா. பையை வெச்சுட்டு மறுபடியும் உக்காந்துட்டா. எழும்பூர், பார்க், கோட்டை, பீச். பீச்சுல எல்லாரும் இறங்கிட்டாங்க. மோட்டார்மேன் கேபினைப் பூட்டிட்டு பிளாட்பாரத்துல பின்பக்கம் நடந்து போனார், எனக்கு அப்புறம் வந்தவர், யாருன்னு தெரியல. எங்களை ஒரு தடவை உள்ள எட்டிப் பாத்துட்டுப் போனார். அதே வண்டி தாம்பரத்துக்குத் திரும்பிச்சு. நாங்க இறங்கல.

மறுபடியும் சேத்துப்பட்டு. சுலோச்சனா புருவத்தைத் தூக்கினா, எழுப்பலாமான்னு. நான் வேணாம்னு தலையாட்டினேன். கதவு வழியா எங்க தெரு தெரிஞ்சுது, போயிடுச்சு.

அவன்கிட்ட இன்னொரு தடவை கேக்கணும்னு இருந்தேன்மா. அன்னிக்கு அங்க நின்னப்ப எங்க ஞாபகம் கொஞ்சம் கூட வரலையாடான்னு. தூங்கறவன்கிட்ட என்னத்தைக் கேக்கறது. மூச்சு கழுத்துல சுடச்சுட பட்டுட்டு இருந்துச்சு. கை முழுக்க மரத்துப் போச்சு. நுங்கம்பாக்கம் போச்சு, கோடம்பாக்கம் போச்சு, மாம்பலம் போச்சு. நான் அசையல.